பதினைந்தாவது கையெழுத்து

காலை ஒன்பது மணிக்குப் பதினைந்து கையெழுத்துகள் இருந்தன. பத்தே முக்காலுக்குப் பதினான்கு.

போட்ட கையெழுத்து எங்கே போகும் என்று கேட்காதீர்கள். போனது. போட்டவர் வாயெல்லாம் பல்லாக எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே போனது.

"டீச்சர்! உங்களைத்தான் தேடிட்டு வர்றேன். வாழ்த்துச் சொல்லுங்க!"

நாடாளுமன்றத் தேநீர்க் கூடத்து வாசலில் ஆளுங்கட்சி உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் நின்றார். சட்டை மொடமொடவென்றிருந்தது. கால் தரையில் பாவவில்லை.

"என்ன சார் விசேஷம்?"

"துணை அமைச்சர்! பத்தரைக்குப் பதவியேற்பு முடிஞ்சுது. என் வீட்டுக்காரிக்குக்கூட இன்னும் சொல்லல."

"அடடே! எந்தத் துறை?"

"அதைச் சாயங்காலம் சொல்றாங்களாம். எதுவா இருந்தா என்ன, கார்ல கொடி பறக்குமில்ல?"

டீச்சர் மனதார வாழ்த்தினாள். நல்ல மனிதர். விவாதம் கோரி அவள் நீட்டிய படிவத்தில் ஆளுங்கட்சித் தரப்பிலிருந்து ஐந்தாவதாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். "ஆம்புலன்ஸ் ஓட்டுறவன் தூங்கி வழிஞ்சா என் மருந்து யாருக்கு உதவப் போகுது, குடுங்க பேனாவை" என்று வெள்ளிக்கிழமை சொன்னவர்.

கையெழுத்து!

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார்... அமைச்சர்கள் விவாதம் கேட்டுக் கையெழுத்துப் போட முடியாதே?"

"முடியாதுதான். அமைச்சர் பதில்தான் சொல்லணுமே தவிர..." அவர் சிரிப்பும் நின்றது. "ஐயையோ."

"ஆனா நீங்க வெள்ளிக்கிழமை போட்டீங்க. அப்போ நீங்க அமைச்சர் இல்லையே. செல்லுமா, செல்லாதா?"

"எனக்கென்ன தெரியும் டீச்சர்? நான் அமைச்சராகிப் பதினஞ்சு நிமிஷம்தான் ஆகுது!"

டீச்சர் படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

ஓடும் வேகத்திலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றுவிட்டு, போன தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளராக ஜெயித்து அவைக்கு வந்தவள் அவள். வாசல் காவலருக்கும் அவைத்தலைவருக்கும் அவள் டீச்சர்தான். அவள் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். மூன்று வாரத்துக்கு முன்னால், தொடர்ந்து பதினெட்டாவது மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தவர், காலை ஏழு மணி வெயிலில் ஸ்டீயரிங்கிலேயே கண் அசந்தார். வண்டி நடுத்திட்டில் ஏறி நின்றது. உள்ளே நோயாளி இல்லாததால் பிழைத்தது ஒரு குடும்பம். நாய் குறுக்கே வந்ததாக மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நெற்றியில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"அக்காவுக்குத் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு."

டீச்சர் சத்தியம் செய்தாள்.

அந்த அக்கா யார் என்பதில்தான் சிக்கல். டீச்சரின் நாத்தனார், தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர், ஆளுங்கட்சியின் கொறடா. தன் கட்சி உறுப்பினர்கள் எப்போது கை தூக்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு போடுகிறவர். தம்பி பெண்டாட்டி எதிர்க்கட்சியில் நின்ற நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. அவையில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து ஒருவர் தலைக்கு மேலே ஒருவர் சுவரைப் பார்ப்பார்கள்.

இப்போது டீச்சரோடு ஓடலாம்.

*

நிகழ்ச்சி நிரல் பிரிவு தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. அவையில் எந்த நாள் எது பேசப்படும், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்த நான்கு மேஜைகளில் எழுதப்பட்டு அச்சுக்குப் போகிறது. சுவரோரம் பச்சை வர்ணம் பூசிய இரும்புப் பெட்டி. விவாதம் கோரும் படிவங்களை அதில்தான் போட வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பகல் பன்னிரண்டு அடிக்கும்போது பிரிவு அலுவலர் அதைப் பூட்டுவார். பிரதமரே வந்து நின்றாலும் பூட்டுவார். அதனால் அவருக்குப் பூட்டு ஐயா என்று பெயர்.

மூன்றாவது மேஜையில் டீச்சரின் சொந்தத் தம்பி உட்கார்ந்திருந்தான். அக்கா உறுப்பினரான அன்றே அவன் எழுதிக் கொடுத்துவிட்டான்: அவள் தொடர்பான எந்தக் காகிதத்தையும் தொட மாட்டேன், அது பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வணக்கம், மாண்புமிகு உறுப்பினர் அவர்களே."

"வணக்கம்டா... வணக்கம் சார்." டீச்சர் பூட்டு ஐயாவிடம் திரும்பினாள். "ஐயா, கையெழுத்துப் போட்டவர் அப்புறம் அமைச்சரானா, அது செல்லுமா?"

பூட்டு ஐயா விதிப் புத்தகத்தை எடுக்கவில்லை. அது அவர் தலைக்குள் இருந்தது.

"பெட்டி பூட்டும் நேரத்தில் கையெழுத்திட்டவர் அமைச்சராக இருத்தல் கூடாது. விதி இருபத்திரண்டு, உட்பிரிவு மூணு. எப்போ போட்டார்ங்கறது கணக்கில்லம்மா. பூட்டும்போது யாரா இருக்கார்ங்கறதுதான் கணக்கு."

"அப்போ எனக்குப் பதினாலுதான்." டீச்சர் மருந்துக்கடைக்காரரின் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தாள்.

"பதினஞ்சு வேணும். அதுல அஞ்சு எதிர்த்தரப்புல இருந்து. உங்களுக்கு இப்போ நாலு." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணு பத்து."

தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. சின்ன வயதிலிருந்தே பதற்றம் வந்தால் அவனுக்கு முதலில் சிவப்பது காதுதான்.

"அடுத்த வாரம் போடலாம்ல?" என்றார் நான்காவது மேஜைக்காரர், ஆறுதலாக.

"அடுத்த வாரம் அவை ஏது? இந்த வெள்ளியோட கூட்டத்தொடர் முடியுதே!" டீச்சரின் குரல் உயர்ந்தது. "அதே வெள்ளிக்கிழமைதான் ஆம்புலன்ஸ் ஒப்பந்தத்துல கையெழுத்தாகுது. ஒரே ஆள் இருபது மணி நேரம் வரைக்கும் ஓட்டலாம்னு அதுல இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு யாரும் மாத்த முடியாது. வியாழக்கிழமை இங்க பேசினாத்தான் உண்டு!"

பேசும்போதே கதவருகில் போய்விட்டாள்.

*

அடுத்த இருபது நிமிஷம் அவையின் நடைபாதைகளில் ஓர் ஓட்டப் பந்தயம் நடந்தது.

ஆளுங்கட்சியின் கண் டாக்டர் அவளைக் கண்டதும் லிப்டுக்குள் புகுந்து அவசரமாக ஒரு பொத்தானை அமுக்கினார். அது மாடிக்குப் போகும் பொத்தான் இல்லை, அபாய மணி. மணியடித்து, மூன்று காவலர்கள் ஓடிவந்து, கதவு திறந்தபோது டீச்சர் படிவத்தோடு நின்றாள்.

"டாக்டர், ஒரே ஒரு கையெழுத்து."

"டீச்சர், எனக்குப் புரியுது. ரொம்ப நல்ல விஷயம். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க நாத்தனார் சுற்றறிக்கை விட்டுட்டாங்க. இதுல எவனாவது கையெழுத்துப் போட்டா அடுத்த தடவை சீட்டுக்கு என் ரூம் பக்கம் வராதேன்னு. அதுக்கு முன்னாடி போட்டவங்க தப்பிச்சாங்க."

பூந்தோட்டக்காரர் என்று பெயரெடுத்த இன்னொரு உறுப்பினர் நூலகத்தில் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது.

"ஐயா, பேப்பர் தலைகீழா இருக்கு."

"எனக்கு அப்படித்தான் படிக்கப் பிடிக்கும்மா."

மூன்றாமவர் ஓடவில்லை, ஒளியவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கட்டடத்துல இன்னைக்கு உங்க படிவத்துல கையெழுத்துப் போட்டா வேலை போகாத ஆளு எங்க கட்சியில ஒருத்தர்தான் இருக்காங்க. கொறடாவை யாரும் கேள்வி கேட்க முடியாதுல்ல? போய்க் கேளுங்களேன்."

கிண்டலாகத்தான் சொன்னார். டீச்சருக்கு அது கிண்டலாகப் படவில்லை.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

*

கொறடாவின் அறைக் கதவை அவள் தட்டியது அவைக்கு வந்த ஒரு வருஷம் எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

"உள்ளே வாங்க." நிமிர்ந்து பார்த்ததும் அந்தக் குரல் ஒரு படி இறங்கியது. "ஓ. டீச்சரம்மாவா. வழி தவறி வந்துட்டீங்களோ?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன் அண்ணி."

"அண்ணியா! அந்த வார்த்தையெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா உனக்கு?"

டீச்சர் படிவத்தை மேஜையில் வைத்தாள். உட்காரச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"ஒரு கையெழுத்து வேணும் அண்ணி. உங்க கையெழுத்து."

கொறடா ஒரு வினாடி அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். மேஜைமேல் இருந்த பேனாக் குவளை குலுங்கும்படி சிரித்தார்.

"போடாதேன்னு ஊரெல்லாம் உத்தரவு போட்டவகிட்டயே வந்து நிக்கறியா? உன் தைரியத்தை மெச்சணும். மருந்துக்கடைக்காரன் கழண்டுட்டானா?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் அவரைத் துணை அமைச்சராக்கினீங்களா?"

"அவன் மூணு தடவை ஜெயிச்சவன்டீ. உன் ஒரு காகிதத்துக்காகவா ஒருத்தனை அமைச்சராக்குவாங்க? ரொம்பத்தான் நினைப்பு." கொறடா நாற்காலியில் சாய்ந்தார். "இங்க பாரு. ஒப்பந்தம் எங்க அரசாங்கத்தோடது. கூட்டத்தொடர் முடியற வாரத்துல மூணு மணி நேரம் உன் ஆட்கள் எங்களைக் காய்ச்சறதுக்கு நானே மேடை போட்டுத் தரணுமா? போம்மா. போய் டீ சாப்பிடு."

"படிச்சுப் பார்த்துட்டு மாட்டேன்னு சொல்லுங்க. ரெண்டே பக்கம்."

"படிச்சா?"

"படிச்சும் மனசு வரலைன்னா நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

கொறடா கண்ணாடியை மாட்டினார். முதல் பக்கத்தை வாய்க்குள் முணுமுணுத்தபடி வேகமாக ஓட்டினார். இணைப்புத் தாளுக்கு வந்தார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டுநர்கள் தங்களுக்குள் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்த பதினோரு சம்பவங்கள் அதில் இருந்தன. தேதி, நேரம், தொடர்ந்து எத்தனையாவது மணி நேரம், என்ன நடந்தது. எதை விவாதத்துக்கு எடுப்பது என்று முடிவு செய்யும் அலுவல் குழுவைத் தாண்டி அந்தத் தாள் வெளியே போகாது. ஆனாலும் டீச்சர் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. பரீட்சை விடைத்தாளில் பிள்ளைகள் பெயருக்குப் பதிலாக எண் போடுவது போல, ஒவ்வொரு வரிக்கும் வண்டி எண்ணைப் போட்டிருந்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கம். எண் போட்டால் ஆள் தெரியாது என்று அவள் கை நம்பியது.

கொறடாவின் விரல் வரிவரியாக இறங்கி வந்தது. ஏழாவது வரியில் நின்றது.

*வண்டி எண் 41. காலை ஏழு மணி. பதினெட்டாவது மணி நேரம். ஓட்டுநர் உறங்கிவிட்டார். வண்டி நடுத்திட்டில் ஏறியது.*

அவர் தலையைத் தூக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தார். டீச்சரும் அனிச்சையாகத் திரும்பினாள்.

சுவரில் சட்டம் போட்ட புகைப்படம். புது ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கொறடா ஒரு சாவியை நீட்டுகிறார். வாங்கிக்கொள்கிறவர், சிரிப்பை அடக்க முடியாமல் நிற்கும் அவருடைய தம்பி. பின்னால் வண்டியின் நெற்றியில் இரண்டு இலக்கங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழ உயரத்துக்கு: 41.

டீச்சர் அவசரமாகத் திரும்பினாள்.

"அண்ணி, நான் ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லல." கொறடாவின் குரல் தாளைப் பார்த்தே வந்தது. "அடி பட்டுதா?"

கணவருக்குச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"நெத்தியில பிளாஸ்திரியோட வந்தான். என்னடான்னு கேட்டேன். அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு அக்கான்னான்." கொறடா கண்ணாடியைக் கழற்றினார். "அலமாரிக் கதவு! நானும் நம்பி, உன் வீட்டு அலமாரியை உடைச்சு அடுப்புல போடச் சொல்லுடான்னு சொல்லி அனுப்பினேன்."

டீச்சரின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"மணி என்ன?" என்றார் கொறடா.

"பதினொண்ணு அம்பத்திரெண்டு."

"பேனா எங்க?"

"உங்க முன்னாடியே இருக்கு அண்ணி."

கொறடா கையெழுத்துப் போட்டார். எப்போதும் போடும் அவசரக் கிறுக்கல் இல்லை. முழுப் பெயர், தொகுதி, பதவி, தேதி. தாளைத் தூக்கி ஊதினார்.

"என்ன மரம் மாதிரி நிக்கறே? ஓடு! செருப்பைக் கழட்டிட்டு ஓடு, பளிங்குத் தரை வழுக்கும்!"

*

மாண்புமிகு உறுப்பினர் ஒருவர் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் படிவமுமாக மூன்று படிகளை ஒரே தாவாகத் தாவி வந்ததை அன்று பார்த்தவர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் லிப்டில் மாட்டிய கண் டாக்டரும், தலைகீழாகச் செய்தித்தாள் படித்தவரும் வேடிக்கை பார்க்க ஓடிவந்தார்கள். அவளுக்கு முன்னால் புதுத் துணை அமைச்சர் இரு கைகளையும் விரித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். "வழி விடுங்க! வழி விடுங்க! டீச்சர் வர்றாங்க!" அவருடைய முதல் அரசுப் பணி அதுதான்.

பூட்டு ஐயா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கையில் பூட்டு. கண் கடிகாரத்தில்.

"ஒண்ணரை நிமிஷம் இருக்கும்மா. நிதானமா வாங்க."

டீச்சர் படிவத்தை நீட்டினாள். அவர் மேலிருந்து கீழே பார்த்தார். பதினைந்தாவது கையெழுத்தில் அவர் பார்வை நின்றது. முப்பத்தொரு வருஷ வேலையில் எதற்கும் அசையாத அவருடைய இரண்டு புருவங்களும் ஒன்றாக மேலே போயின.

மூன்றாவது மேஜையில் தம்பி இருமினான்.

டீச்சர் திரும்பினாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். மறுபடியும் இருமினான். இந்தத் தடவை காது மட்டுமல்ல, கழுத்துவரை சிவப்பு.

"உங்க தம்பிக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுங்க" என்றார் பூட்டு ஐயா, படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மருந்துக்கடைக்காரர் இங்கயேதான் இருக்கார். அப்படியே இதையும் சொல்லிடறேன், யாரும் இருமாமலே சொல்லியிருப்பேன். பழைய கையெழுத்தை அடிச்சிருக்கீங்க. அடிச்ச இடத்துல உங்க சுருக்கொப்பம் இல்ல. இல்லாம பெட்டியில போட்டா செல்லாது."

"பேனா! யாராவது பேனா!"

நான்கு பேனாக்கள் நீண்டன. ஐந்தாவது, தம்பியின் சட்டைப் பையிலிருந்து பாதி எழும்பி, ஞாபகம் வந்து, மறுபடி உள்ளே போனது.

டீச்சர் சுருக்கொப்பம் போட்டாள். படிவத்தை மடித்தாள். பெட்டியின் வாயில் நுழைத்தாள். உள்ளே தாள் விழுந்த சத்தம் கேட்டது.

மேலே மணிக்கூண்டு பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. பூட்டு ஐயா பூட்டினார்.

தேர்வு முடிவு வந்த பள்ளிக்கூட வராந்தா மாதிரி ஆனது அந்த நடைபாதை. புதுத் துணை அமைச்சர் கண் டாக்டரைக் கட்டிப்பிடித்தார். எதற்குக் கட்டிப்பிடிக்கிறோம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

*

அலுவல் குழு மூன்று மணிக்குக் கூடியது. ஒன்பது பேர், நீள மேஜை, தலைமையில் குரல் உயர்த்தியே பழகாத ஒரு முன்னாள் நீதிபதி. வியாழக்கிழமை பிற்பகலில் மூன்று மணி நேரம் காலியாக இருந்தது. அதற்குப் போட்டி நான்கு கோரிக்கைகள்.

டீச்சரின் முறை வந்தது. எழுந்ததும் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாள்.

"என் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இந்த விஷயத்தில் என் குடும்பத்துக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன்."

"பதிவாயிற்று. ஏன் இந்த வாரமே?"

"வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாகுது ஐயா. அதுக்கப்புறம் பேசினா, பரீட்சை முடிஞ்சப்புறம் பாடம் நடத்தற மாதிரி."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. அவர் படிவத்தின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது... அவங்க கையெழுத்துதானா?"

"அவங்களே அவங்க பேனாவுலயே போட்டாங்க ஐயா."

ஒன்பது தலைகளும் படிவத்தை நோக்கிக் குனிந்தன. ஒருவர் மெதுவாக விசிலடித்தார். அதற்குப் பிறகு குழுவில் அதிக நேரம் விவாதம் நடக்கவில்லை.

"வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் பணி நேரம்." நீதிபதி எழுதி முடித்து நிமிர்ந்தார். "கோருகிறவர் மனம் மாறினால் நாளைப் பகல் பன்னிரண்டு வரை திரும்பப் பெறலாம். மாறாது என்று நினைக்கிறேன்."

"கனவுலயும் மாறாதுங்க ஐயா" என்றாள் டீச்சர்.

*

ஆறு மணிக்கு வீட்டில் தம்பி அச்சடித்த நிகழ்ச்சி நிரலோடு வந்தான். அச்சாகி வெளியே வந்துவிட்டால் அது யாருக்கும் பொது. அவனும் தொடலாம். காலையிலிருந்து கட்டியே வைத்திருந்த கைகளால் தாளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அக்கா! உன் பேர் முதல்ல! மாமா, இங்க பாருங்க, ரெண்டு மணிக்கு!"

டீச்சரின் கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தார். பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். தங்கள் வேலையைப் பற்றி அச்செழுத்தில் இப்படி ஒரு வரியை அவர் பார்த்ததில்லை. விரலால் தடவிப் பார்த்தார்.

"பதில் சொல்லப் போறது யாருடா?"

"அதைக் கேளுங்க!" தம்பி இடுப்பில் கையை வைத்துச் சிரித்தான். "நம்ம மருந்துக்கடைக்காரர்! சாயங்காலம் சுகாதாரத் துறை கொடுத்துட்டாங்க. விவாதம் வேணும்னு போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டவரே வியாழக்கிழமை எழுந்து ஒப்பந்தத்துல ஒரு தப்பும் இல்லைன்னு பதில் சொல்லணும். பிரிவுல வந்து உட்கார்ந்து மூணு டம்ளர் தண்ணி குடிச்சாரு."

மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கணவர் அடுத்த வரியைப் படித்தார். இரண்டாவதாகப் பேசுகிறவர் பெயர்.

"அக்காவா?" என்றார். "அக்கா ஏன் இதுல பேசறா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் காதில் வைத்தார். "சொல்லுக்கா" என்றார். கேட்டுக்கொண்டே இருந்தார். இடது கை தானாக எழுந்து நெற்றியின் தழும்பைத் தொட்டது. கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார்.

"உன்கிட்டப் பேசணுமாம்."

"அண்ணி?"

"வியாழக்கிழமை நான் பேசறேன்" என்றது கொறடாவின் குரல். "நாற்பத்தொண்ணுன்னு வண்டி எண்ணைச் சொல்லித்தான் பேசுவேன். ஓட்டினவன் என் தம்பின்னும் சொல்லுவேன்."

"அண்ணி! நாய் குறுக்கே வந்துச்சுன்னு எழுதிக் கொடுத்திருக்கார். உண்மை வெளியே வந்தா அவர் வேலை போயிடும்! லைசென்ஸ் போயிடும்!"

"உசிரு போறதுக்கு வேலை போகட்டும். அவன் மறுபடி அந்த வண்டியில ஏறக் கூடாது. நான் பேசறது பிடிக்கலைன்னா உனக்கு ஒரே வழிதான் இருக்கு. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள கோரிக்கையை வாபஸ் வாங்கு. விவாதம் இல்லைன்னா என் பேச்சும் இல்லை."

டீச்சர் கைப்பேசியை இறுகப் பிடித்தாள். விவாதம் நின்றுபோனால் யாருக்கு லாபம் என்று அவளுக்குத் தெரியாதா?

"இப்போ பேசறது அண்ணியா, கொறடாவா?"

"எனக்கே தெரியலை" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

தம்பியின் காதுகள் மறுபடி சிவந்தன. கணவர் மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்தார். வளையத்தில் தொங்கிய தகட்டில் 41 என்று பொறித்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாள்ல எண்ணைப் போட்டது நீதானே?"

"பேரைப் போடலைங்க. எண் போட்டா யாருக்கும் தெரியாதுன்னு..."

"எங்க அக்காவுக்கா தெரியாது? சாவி குடுத்ததே அவதானே." அவர் குரலில் கோபம் இல்லை என்பதுதான் டீச்சரைப் பயமுறுத்தியது. "தாள்ல இருக்கற மத்தப் பத்து டிரைவருங்களும் என்னை நம்பித்தான் நோட்டைக் குடுத்தாங்க."

"இப்போ நான் என்ன செய்யட்டும்? வாபஸ் வாங்கட்டுமா? சொல்லுங்க."

அவர் கழற்றிய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மறுபடி போட்டார். மச்சினனைப் பார்த்தார்.

"மாப்ளே, பார்வையாளர் மாடத்துல சீருடையோட உட்கார விடுவாங்களா?"

தம்பி திணறினான். "வி... விதியில தடை இல்ல மாமா. ஆனா உறுப்பினர் யாராவது அனுமதிச் சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

அவர் மனைவியிடம் திரும்பிக் கையை நீட்டினார்.

"போட்டுக் குடு. பதினோரு சீட்டு."